ஆர்.சி. ஜெட்டுக்கு இறக்கை டேங்க்: எந்தக் கோட்டுக்கு நேராக, எந்தக் கருவியால்?

ரேடியோவால் இயக்கிப் பறக்கவிடும் ஆர்.சி. மாடல் ஜெட் கட்டுகிறவர்களுக்குத் தெரியும், சில ஜெட்டுகளுக்கு இறக்கையில் எரிபொருள் டேங்க் மாட்டினால்தான் முகமே வரும். எல்-39 பயிற்சி விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கை நுனியில் பக்கத்துக்கு 100 லிட்டர் டேங்க், இறக்கையோடு சேர்ந்தே இருக்கும். டி-33க்கும் நுனி டேங்க்தான் அடையாளம். நம் விமானப்படையில் 1957 முதல் பறந்த ஹண்டருக்கு இறக்கைக்குக் கீழே தடித்த டேங்குகள். சூலூரிலிருந்து கிளம்பும் தேஜஸ், நெடுந்தூரம் போக வேண்டுமென்றால் 1200 லிட்டர் டேங்குகளைத் தொங்கவிட்டுக்கொண்டு போகும். தஞ்சாவூரில் நிற்கும் சுகோய்-30க்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை, வேண்டிய எரிபொருள் முழுவதும் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. அதைக் கட்டுகிறவர் கொடுத்துவைத்தவர், இதைப் படிக்காமலே போகலாம்.

மற்றவர்களுக்கு நாலு முடிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நிற்கும். டேங்குக்குள் எரிபொருள் ஊற்றுவதா, வெறும் கூடாக விடுவதா? எந்தக் கோட்டுக்கு நேராக வைப்பது? எதைக் கொண்டு அளப்பது? எப்படிப் பிடிக்க வைப்பது? வெளிநாட்டு வழிகாட்டிகள் இதற்கெல்லாம் பதில் சொல்கின்றன, ஆனால் அவர்கள் பட்டறையில் குளிர்சாதனம் ஓடும், தரை மட்டமாக இருக்கும், வண்டிக்குள் விமானத்தை வைத்தாலும் அது வேகாது. நான் பாளையங்கோட்டையில் மொட்டைமாடித் தகர ஷெட்டுக்குள் வேலை பார்க்கிறவன். நெல்லைச் சீமையின் வெயிலையும் காற்றையும் கணக்கில் சேர்த்தால் சில பதில்கள் மாறிவிடுகின்றன.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு விமானத்தை வைத்துக்கொள்வோம். இறக்கை நீளம் 2 மீட்டர், எடை 12 கிலோ, 100 நியூட்டன் உந்துவிசை தரும் டர்பைன். டேங்க் 70 செ.மீ. நீளம், உடலின் நடுக்கோட்டிலிருந்து 60 செ.மீ. தள்ளி, இறக்கைக்குக் கீழே. மின்விசிறி ஜெட் வைத்திருப்பவர்கள் இதே கணக்கைச் சின்னதாக்கிக்கொள்ளலாம்.

எரிபொருளா, வெறும் கூடா?

இந்த அளவு டர்பைன் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 350 முதல் 400 மில்லி வரை குடிக்கும். சராசரியாக 250 என்று வைத்தால், பக்கத்துக்கு 400 மில்லி டேங்க் இரண்டு இருந்தால் மூன்று நிமிடம் கூடுதலாகப் பறக்கலாம். ஆசை காட்டுகிற கணக்குத்தான். ஆனால் இரண்டு டேங்கும் ஒரே சீராகக் காலியாகாது என்பதுதான் சிக்கல்.

இரண்டையும் ஒரு டி-இணைப்பில் சேர்த்தால், எந்தக் குழாயில் தடை குறைவோ அந்தப் பக்கம் முதலில் தீரும். தீர்ந்ததும் பம்ப் அந்தப் பக்கத்திலிருந்து காற்றை இழுக்க ஆரம்பித்துவிடும், மறு டேங்கில் பாதி எரிபொருள் அப்படியே கிடக்கும். காற்றுக்குமிழி போனால் டர்பைன் அணைந்துபோகும். அதைத் தவிர்க்க இரண்டையும் தொடராகக் கோத்தால், ஒரு பக்கம் முழுக்கக் காலியான பிறகுதான் மறு பக்கம் குறையத் தொடங்கும். அப்போது ஒரு இறக்கையில் 400 மில்லி, அதாவது 320 கிராம், கூடுதலாக இருக்கும். 60 செ.மீ. தள்ளி இருக்கும் 320 கிராம், 12 கிலோ விமானத்தின் சி.ஜி.யை, அதாவது ஈர்ப்பு மையத்தை, 16 மி.மீ. பக்கவாட்டில் நகர்த்திவிடும். முன்பின்னாக 5 மி.மீ. நகர்ந்தாலே பதறுகிற நாம் பக்கவாட்டு 16 மி.மீ.யைச் சும்மா விடலாமா?

வேகமாகப் போகும்போது கொஞ்சம் எய்லரான் (விமானத்தை உருட்ட இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் மடிப்பு) கொடுத்துச் சமாளித்துவிடலாம். தரையிறங்க வேகத்தைக் குறைக்கும்போதுதான் எய்லரானுக்கு வலு குறையும், கனத்த இறக்கை அப்போது விழும். நுனி டேங்க் என்றால் இன்னும் மோசம். 60 செ.மீ.க்குப் பதிலாக 100 செ.மீ. தள்ளி வைத்த அதே எடை, உருளுவதற்குக் கொடுக்கும் எதிர்ப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. உருட்டத் தாமதம், உருட்டியதை நிறுத்தவும் தாமதம்.

மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறவர்களுக்கு டேங்குக்குள் எரிபொருள் அலம்புவது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். அவர்கள் டேங்கின் உட்சுவரில் தடுப்புகள் வைக்கிறார்கள். 400 மில்லிக்கு அந்த ஏற்பாடெல்லாம் செய்யலாம், செய்தவர்களும் இருக்கிறார்கள். மூன்று நிமிடத்துக்காக அவ்வளவு மெனக்கெடுவதா என்பது அவரவர் பொறுமை. என் தேர்வு வெறும் கூடு. கூடுதல் எரிபொருள் அவசியம் வேண்டும் என்றால் உடலுக்குள், சி.ஜி.க்கு அருகில் இன்னொரு டேங்க் வைப்பது மேல். இனிமேல் சொல்வதெல்லாம் வெறும் கூட்டை மனதில் வைத்துத்தான்.

எந்தக் கோட்டுக்கு நேர்?

இதில் மூன்று கட்சி உண்டு. இறக்கையின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் இணைக்கும் கோட்டுக்கு இணையாக வை என்பது ஒன்று. உடலின் நடுக்கோட்டுக்கு இணையாக வை என்பது இரண்டாவது. அந்த இடத்தில் காற்று எப்படி ஓடுகிறதோ அப்படி வை என்பது மூன்றாவது.

முதல் கட்சி சுலபமான வழி, டேங்கை இறக்கையில் தாங்கும் பைலானை இறக்கையோடு பதித்தால் தானாக அமைந்துவிடும். ஆனால் பெரும்பாலான ஜெட் இறக்கைகளில் வாஷ்அவுட் இருக்கிறது, அதாவது அடியில் ஒரு கோணம், நுனியில் அதைவிடக் குறைந்த கோணம். அடியில் ஒன்றரை டிகிரி மேல்நோக்கி, நுனியில் ஒன்றரை டிகிரி கீழ்நோக்கி என்று இருந்தால், உள்பக்க டேங்க் ஒரு திசை பார்க்கும், வெளிப்பக்க டேங்க் இன்னொரு திசை பார்க்கும். நாலு டேங்க் மாட்டிய ஹண்டரைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒன்றுக்கொன்று சண்டை போட்ட மாதிரித் தெரியும். நுனி டேங்குக்கோ மூக்கு தொங்கிப்போகும்.

மூன்றாவது கட்சியில் உண்மை இருக்கிறது. பின்வாங்கிய இறக்கைக்குக் கீழே காற்று நேராகப் போவதில்லை, நுனியை நோக்கிச் சற்று விலகி ஓடும். நிஜ விமானங்களில் இதையெல்லாம் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் கோணம் முடிவு செய்கிறார்கள். நிறைய போர் விமானங்களில் டேங்கின் மூக்கு சற்றே கீழ்நோக்கி இருப்பதைப் படங்களிலேயே காணலாம். அமெரிக்கக் கடற்படையின் சூப்பர் ஹார்னெட்டில் பைலான்களை வெளிப்பக்கமாகவே திருப்பிவிட்டார்கள், கழற்றிவிடும் குண்டும் டேங்கும் ஒன்றோடொன்று மோதக்கூடாது என்பதற்காக. அதற்கு விலையாகக் காற்றுத் தடை கூடியது. நாம் எதையும் கழற்றிப் போடப் போவதில்லை, காற்றுச் சுரங்கமும் நம்மிடம் இல்லை. படத்தைப் பார்த்து அந்தக் கோணத்தை அப்படியே நகல் எடுப்பது நிஜ விமானத்தோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடும் ஸ்கேல் போட்டிக்குப் போகிறவர்களுக்கு நியாயம், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

அதனால் நான் இரண்டாவது கட்சி. உடலின் நடுக்கோடு நமக்குத் திட்டமாகத் தெரிந்த ஒன்று. எல்லா டேங்கும் அதற்கு இணையாக இருந்தால் பார்வைக்கும் ஒழுங்கு. சாதாரண வேகத்தில் உடல் ஒன்றிரண்டு டிகிரி மூக்கைத் தூக்கிப் பறந்தாலும், ஒல்லியான, நீளமான டேங்குக்கு அது பெரிய விஷயமில்லை. வேண்டுமானால் மூக்கை ஒரு டிகிரி இறக்கி வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதுதான் முக்கியம். எந்தக் கோணம் என்பதைவிட, இரண்டு பக்கமும் ஒரே கோணமா என்பதுதான் பறக்கும்போது தெரியும். இரண்டு டேங்கும் ஒரு டிகிரி மூக்கைத் தூக்கியிருந்தால் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரின் ட்ரிம், அதாவது நேராகப் பறக்க அதை நிறுத்தி வைக்கும் நிலை, கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். இரண்டும் ஒரு டிகிரி உள்பக்கம் திரும்பியிருந்தால் இடதும் வலதும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், தடை மட்டும் கொஞ்சம் கூடும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று இருந்தால் விமானம் உருளப் பார்க்கும். இரண்டும் ஒரே பக்கமாக, அதாவது இரண்டும் வலப்பக்கமாகத் திரும்பியிருந்தால், மூக்கை இடம்வலம் திருப்பும் ரடரால் திருத்தக் கேட்கும். டேங்கின் வாலில் துடுப்பு இருந்தால் இந்த விளைவெல்லாம் இன்னும் கூடும். எனவே கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது ‘கோணம் எத்தனை டிகிரி’ என்று சொல்கிற கருவியைவிட ‘இரண்டு பக்கமும் சமமா’ என்று சொல்கிற கருவியைத் தேட வேண்டும்.

எதைக் கொண்டு அளப்பது?

கடையில் கிடைப்பவற்றிலிருந்து தொடங்குவோம். டிஜிட்டல் கோணமானி 0.1 டிகிரி காட்டும், ஆனால் பொதுவாக 0.2 டிகிரி வரை முன்பின் இருக்கும். 70 செ.மீ. டேங்கில் 0.2 டிகிரி என்றால் இரண்டரை மி.மீ. அதே டேங்கின் மூக்கும் வாலும் மேஜையிலிருந்து எவ்வளவு உயரம் என்று ஒரு ஸ்கேலில் அளந்தால் 1 மி.மீ. பிழையில் பார்த்துவிடலாம், அது 0.08 டிகிரிதான். நீளமான பொருள் என்பதால் ஸ்கேல் ஜெயிக்கிறது. அதோடு, கோணமானி புவியீர்ப்பை வைத்து வேலை செய்வது. மூக்கு மேலா கீழா என்று சொல்லும், இடமா வலமா என்று சொல்லவே சொல்லாது. செல்போன் செயலிக்கும் இதே கதைதான், உருண்டையான டேங்கின் மேல் அது உட்காரவும் உட்காராது. இறக்கையின் கோணத்தை அளக்கவென்று விற்கும் இன்சிடென்ஸ் மீட்டர் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் கவ்விப் பிடிப்பது. டேங்கில் கவ்வ ஒன்றுமில்லை. இடது இறக்கையும் வலது இறக்கையும் ஒரே கோணத்தில் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ள மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். இறக்கையே கோணலாக இருந்தால் டேங்கைத் திருத்தி என்ன பயன்?

லேசர் மட்டம் இப்போது டைல்ஸ் போடுகிறவர்கள் எல்லோரிடமும் இருக்கிறது. சிவப்புக் கோட்டை அடித்ததும் எல்லாம் துல்லியமாகிவிட்ட மாதிரி ஒரு தோற்றம் வரும். ஆனால் சில மீட்டர் தூரத்தில் அந்தக் கோடே ஒன்றிரண்டு மி.மீ. தடிமன். வளைந்த பரப்பில் விழுந்தால் கோடும் வளையும், எது நடு என்று கண்ணால் யூகிக்க வேண்டியதுதான். பகலில் மொட்டைமாடியில் கோடே தெரியாது. ஏற்கெனவே வைத்திருப்பவர் கடைசியில் ஒரு தடவை சரிபார்க்கப் பயன்படுத்தலாம், இதற்கென்று வாங்க வேண்டாம்.

என் ஓட்டு கொத்தனார் சாமானுக்கு. நூல், தூக்குக்குண்டு, தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல், டேப். செய்முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஒரு படியைத் தவறவிட்டாலும் மற்றதெல்லாம் வீண்.

விமானத்தை ஸ்டூல், பலகை எதையாவது வைத்துத் தூக்கி, தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் நிறுத்துங்கள். உடலின் மூக்கு நடுவிலும் வால் நடுவிலும் நூலைத் தொங்கவிடுங்கள். இரண்டு டேங்கின் மூக்கிலும் வாலிலும் அப்படியே. மொத்தம் ஆறு நூல். கட்டட வேலைக் குண்டு இதற்குக் கனம் அதிகம். தூத்துக்குடியிலோ உவரியிலோ தூண்டில் சாமான் விற்கிற கடையில் சின்ன ஈயக்குண்டு கிடைக்கும், அது போதும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். அப்படியும் குண்டு ஆடிக்கொண்டே இருந்தால் ஒரு டம்ளரில் பழைய எண்ணெயை ஊற்றி, குண்டு அதில் முங்கும்படி வைத்தால் சட்டென்று அடங்கும். அடங்கியதும் டம்ளரை நகர்த்தி, நூலுக்கு நேர் கீழே தரையில் ஒட்டிய டேப்பில் பென்சிலால் புள்ளி வையுங்கள்.

ஆறு புள்ளியும் வைத்தபிறகு விமானத்தை எடுத்து ஓரமாக வைத்துவிடலாம். இந்த முறையின் அருமையே இதுதான். இறக்கையில் இடித்துக்கொள்ளாமல், பெயின்டில் கீறல் விழாமல், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து நிதானமாக அளக்கலாம். உடலின் இரண்டு புள்ளிகளை இணைத்து ஒரு நூல் பிடித்தால் அதுதான் நடுக்கோடு. அதிலிருந்து ஒவ்வொரு டேங்கின் மூக்கும் வாலும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். நாலு எண்ணும் ஒன்றாக இருந்தால் வேலை முடிந்தது.

இங்கே அவசரப்படுகிறவர்கள் ஒன்று செய்வார்கள். இரண்டு டேங்கின் மூக்குக்கு நடுவே உள்ள தூரத்தையும் வாலுக்கு நடுவே உள்ள தூரத்தையும் மட்டும் அளந்து, இரண்டும் சமம், அதனால் நேராக இருக்கிறது என்று முடிவு கட்டுவார்கள். இரண்டு டேங்கும் ஒன்றுக்கொன்று இணை என்பதை மட்டுமே அது சொல்லும். இரண்டும் சேர்ந்து வலப்பக்கம் திரும்பியிருந்தாலும் அந்த அளவு சமமாகத்தான் வரும். அதைக் கண்டுபிடிக்க மூலைக்கு மூலை அளக்க வேண்டும், வீட்டுக்கு வாணம் தோண்டுமுன் கொத்தனார் அளக்கிற அதே குறுக்களவு. இடது மூக்கிலிருந்து வலது வால், வலது மூக்கிலிருந்து இடது வால். நம் கணக்கு விமானத்தில் இரண்டு டேங்கும் ஒரே பக்கமாக ஒரு டிகிரி திரும்பியிருந்தால், இந்த இரண்டு குறுக்களவுக்கும் இடையே 2 செ.மீ. வித்தியாசம் வரும். ஒரு டிகிரியைக் கண்ணால் பிடிக்க முடியாது, 2 செ.மீ.யைச் சின்னப் பையன்கூடப் பிடித்துவிடுவான். இரண்டு டேங்கில் ஒன்று மட்டும் முன்னால் தள்ளி மாட்டப்பட்டிருந்தாலும் குறுக்களவு வேறுபடும். எது காரணம் என்பதை நடுக்கோட்டிலிருந்து எடுத்த நாலு அளவும் காட்டிக்கொடுக்கும்.

மேல்கீழ்க் கோணத்துக்குத் தரையை நம்பாதீர்கள். மொட்டைமாடித் தளத்தை மழைத்தண்ணீர் ஓடுவதற்காக வாட்டம் விட்டுத்தான் போட்டிருப்பார்கள், ஷெட்டுக்குள்ளும் அதே வாட்டம் இருக்கும். இங்கேதான் டியூப் லெவல். உடலை முதலில் மட்டமாக நிறுத்திவிட்டு, குழாயின் ஒரு முனையை டேங்க் மூக்குக்கும் மறு முனையை வாலுக்கும் பிடித்தால் தண்ணீர் சொல்லிவிடும். குழாயில் குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் இரண்டு சொட்டு மை விட்டால் கண்ணுக்குச் சௌகரியம்.

புள்ளி எங்கே வைப்பது?

மேலே சொன்னது அத்தனையும் ஒரு விஷயத்தை நம்பி நிற்கிறது. டேங்கின் மூக்கிலும் வாலிலும் நடுப்புள்ளி சரியாக இருக்க வேண்டும். கிட்டில் வரும் ஃபைபர் டேங்குகள் இரண்டு பாதியை ஒட்டியவை. ஒட்டுக் கோட்டில் அரை மி.மீ. ஏறி இறங்கியிருக்கும், நடு எது என்று தேட வேண்டும். 3டி பிரின்டரில் எடுத்தால் நடு தானாகக் கிடைக்கும். ஆனால் அந்தப் பிரின்டரில் வழக்கமாகப் போடும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் அதை விட்டுவிட்டு வந்தால் திரும்பும்போது வாழைப்பழம்தான் கிடக்கும். பி.இ.டி.ஜி. என்ற இன்னொரு பிளாஸ்டிக் அதைவிடத் தேவலாம்.

இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்பு கடைகிற பட்டறைகள் இருக்கின்றன. பாதி நீளத்துக்கு அட்டையில் டேங்கின் வளைவை வெட்டிக் கொண்டுபோய்க் காட்டினால் மரத்தில் கடைந்து தருவார்கள். அதன்மேல் ஃபைபர் ஒட்டி அச்சு எடுக்கலாம். கடைசல் இயந்திரம் கட்டையை இரண்டு முனையிலும் குத்திப் பிடித்துத்தான் சுற்றும், அந்தக் குழி சரியாக அச்சின் மேல் இருக்கும். நமக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் அதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அழகுக்காக அடைத்துவிடுவார்கள்.

“ரெண்டு முனையிலயும் இருக்க புள்ளியத் தேய்ச்சிராதீய அண்ணாச்சி.”

“புள்ளி இருந்தா அசிங்கமால்லா இருக்கும் தம்பி? மெழுகு வச்சு அடைச்சித் தாரேன்.”

“எனக்கு அந்தப் புள்ளிதான் வேணும். மீதி எப்படி இருந்தாலும் சரி.”

அச்சு எடுக்கும்போது அந்தப் புள்ளியை ஃபைபரிலும் ஒரு சின்ன மேடாகப் பதித்துவிட்டால், பெயின்ட் அடித்த பிறகும் விரலால் தடவிக் கண்டுபிடிக்கலாம்.

எப்படிப் பிடிக்க வைப்பது?

ஒற்றை போல்ட் வேண்டவே வேண்டாம், டேங்க் அதைச் சுற்றித் திரும்பும். காந்தம் வைத்துப் பிடிப்பது மாட்ட, கழற்றச் சுலபம், ஆனால் காந்தம் இழுத்துப் பிடிக்குமே தவிர வழுக்காமல் தடுக்காது. கூடவே இரண்டு மர ஊசி வைத்தால்தான் டேங்க் நேராக நிற்கும். நான் சொல்வது, முன்னும் பின்னும் முடிந்தவரை தள்ளித் தள்ளி இரண்டு மர ஊசி, நடுவில் ஒரு எம்3 நைலான் போல்ட். இரண்டு ஊசிக்கும் இடைவெளி 10 செ.மீ. இருந்து துளையில் அரை மி.மீ. தளர்வு இருந்தால், டேங்கின் முனை 3 மி.மீ.க்கு மேல் ஆடும். இடைவெளியை 20 செ.மீ. ஆக்கினால் அது பாதியாகிவிடும்.

நைலான் ஏன் என்றால், தரையில் உரசினால் போல்ட் அறுந்து டேங்க் மட்டும் கழன்று போக வேண்டும், இறக்கை பிய்யக்கூடாது. உரசுவது இங்கே அபூர்வமில்லை. டேங்கின் அடி தரையிலிருந்து 8 செ.மீ. உயரம், சக்கரம் நடுவிலிருந்து 25 செ.மீ. என்றால், விமானம் 13 டிகிரி சாய்ந்ததுமே டேங்க் தரையைத் தொடும். ஆடி மாதம் பக்கக் காற்றில் இறங்குகிறவருக்கு 13 டிகிரி ஒன்றும் தூரமில்லை.

பைலானை ஒட்டும்போது ஐந்து நிமிட எபாக்சி வேண்டாம். அறை வெப்பத்தில் இறுகும் சாதாரண எபாக்சிகள் 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். கறுப்போ கரும்பச்சையோ பூசிய இறக்கை நம் வெயிலில் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தொடும். காலையில் நேராக இருந்த பைலான் சாயங்காலம் அரை டிகிரி நகர்ந்திருந்தால் குறை அளவில் இல்லை, பசையில் இருக்கிறது. மெதுவாக இறுகும் லாமினேஷன் எபாக்சியில் பருத்திப் பொடி கலந்து ஒட்டி, பிறகு மிதமான சூட்டில் சில மணி நேரம் வைத்து எடுத்தால் தாங்கும் வெப்பம் கூடும். தகர ஷெட்டின் சூடு இந்த ஒரு வேலைக்குத்தான் உதவும்.

ஒட்டி இறுகும்வரை டேங்குகளைப் பிடித்து வைக்க ஒரு ஏற்பாடு வேண்டும். கையாலும் மாஸ்கிங் டேப்பாலும் பிடிப்பதைவிட, இரண்டு நீளமான ப்ளைவுட் பட்டையை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, இரண்டிலும் ஒரே தடவையில் துளை போடுவது நல்லது. நடுவில் ஒன்று, அதிலிருந்து இரு பக்கமும் 60 செ.மீ.யில் ஒன்று. ஒரு பட்டையை இரண்டு டேங்கின் மூக்குப் புள்ளிக்கும், இன்னொன்றை வால் புள்ளிக்கும் திருகாணியால் இணைத்தால், மூக்கிடைத் தூரமும் வாலிடைத் தூரமும் தானாகவே ஒன்றாகிவிடும். துளை 1 மி.மீ. தப்பாக விழுந்திருந்தாலும் இரண்டு பட்டையிலும் அதே இடத்தில்தான் விழுந்திருக்கும். பிறகு நீங்கள் பார்க்க வேண்டியது நடுத்துளை உடலின் நடுக்கோட்டில் இருக்கிறதா, குறுக்களவு சமமா என்பது மட்டும். புதிதாக விமானம் கட்டுகிறவருக்கு இதுதான் முதல் தேர்வு. ஏற்கெனவே பறக்கிற விமானத்துக்கு டேங்க் சேர்க்கிறவருக்கு நூலும் குண்டும் போதும்.

பறந்து பார்ப்பது

ஆனி தொடங்கிப் புரட்டாசி பாதி வரை ஆரல்வாய்மொழிக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் ஊதுகிற காற்றில் டேங்கின் நேரைச் சோதிக்க முடியாது, காற்றின் சேட்டை எது, டேங்கின் சேட்டை எது என்று பிரிக்கவே வராது. தை, மாசி விடியற்காலை நல்லது. இடத்தைப் பொறுத்தவரை, 2021 ட்ரோன் விதிகளின்படி 25 கிலோவுக்கு உட்பட்ட மாடல் விமானத்தைப் பொழுதுபோக்குக்காகக் கண்பார்வைக்குள் பறக்கவிடலாம், ஆனால் வான்பகுதியை அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் பறக்க வேண்டும். நம் மாவட்டத்தில் கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் எல்லாம் இருப்பதால் தெற்கே போகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ராதாபுரம் பக்கத்துச் செம்மணல் தேரியில், மணலை உறிஞ்சிவிடும் டர்பைனை ஓட்டலாமா என்று யாரும் கேட்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் டேங்க் இல்லாமல் பறந்து, கையை விட்டால் நேராகப் போகும்படி ட்ரிம் செய்து இறக்குங்கள். ட்ரிம்மைத் தொடாமல் டேங்கை மாட்டி மறுபடி ஏற்றுங்கள். இப்போது எது மாறுகிறதோ அது டேங்கால் வந்தது. இடப்பக்கம் உருளுகிறது என்றால் உடனே கோணத்தில் கை வைக்க வேண்டாம், வேகத்தை மாற்றிப் பாருங்கள். கோணப் பிசகு கொடுக்கும் விசையும் எய்லரான் கொடுக்கும் விசையும் வேகத்தோடு ஒன்றாகவே கூடிக் குறையும், அதனால் ஒரு வேகத்தில் சரிசெய்த ட்ரிம் எல்லா வேகத்துக்கும் பொருந்தும். எடை வித்தியாசம் அப்படியில்லை, வேகம் குறையக் குறைய அதிக எய்லரான் கேட்கும். ஒரு லூப் போட்டுப் பார்த்தாலும் தெரியும், இழுக்கும்போது கனத்த பக்கம் தாழ்ந்து லூப் கோணிக்கொள்ளும்.

எடை வித்தியாசம் என்றால் பெரும்பாலும் பெயின்ட்தான் காரணம். இரண்டாவது டேங்குக்கு அடிக்கும்போது கை தாராளமாகிவிடும், பட்டி வைத்துத் தேய்த்ததும் ஒரு பக்கம் கூடியிருக்கும். தராசில் வைத்து, லேசானதற்குள் அதன் சி.ஜி. இருக்கும் இடத்தில் ஈயத்துண்டை ஒட்டிச் சமன் செய்யுங்கள். ஈயத்தை இறக்கையின் முறுக்கு அச்சுக்குப் பின்னால் தள்ளி ஒட்ட வேண்டாம், வேகத்தில் இறக்கை படபடக்கும் ஆபத்தை அது கூட்டும். கோணப் பிசகு என்றால் பைலானுக்கும் டேங்குக்கும் நடுவே மெல்லிய ப்ளைவுட் செருகல் வைத்துத் திருத்தலாம். செருகலைத் தனியாக விடாமல் டேங்கோடு ஒட்டிவிட்டு, டேங்கின் மேல்புறம் பைலானுக்குள் மறையும் இடத்தில் ‘இடது’, ‘வலது’ என்று மார்க்கரில் எழுதி வையுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவசரத்தில் மாற்றி மாட்டாமல் இருப்பதற்கு அது போதும்.